உப்பும் இழுப்பும்: பாமசி கவுன்டர்ல திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

ஹட்டன் பக்கம் ஒரு பாமசியில நான் வேலை செய்றேன். மழை ஆரம்பிச்சா ஆஸ்துமா பம்ப் (இன்ஹேலர்) வாங்க வர்ற கூட்டம் கூடும், அது வழக்கம். ஆனா கொஞ்ச நாளா பம்போட சேர்த்து உப்பு பத்தியும் கேக்குறாங்க, ஏன்னா "உப்ப விட்டா ஆஸ்துமா ஓடிரும்"னு ஒரு வொய்ஸ் மெசேஜ் தோட்டம் தோட்டமா சுத்திக்கிட்டு இருக்கு. அதுல பாதி உண்மை, பாதி கதை. ஒவ்வொருத்தருக்கும் நின்னு நின்னு சொல்ல முடியல, அதான் அவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு எழுதிட்டேன்.

அக்கா, உப்பு கூடுதலா சாப்பிட்டா இழுப்பு வருமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

வராது. ஆஸ்துமா இல்லாத ஆளுக்கு உப்பு ஆஸ்துமாவ உண்டாக்காது, ஆஸ்துமா இருக்குறவங்களுக்கும் இன்னைக்கு மத்தியானம் ஊறுகாய் கூட தின்னதால இன்னைக்கு ராவே இழுத்துச்சுன்னு சொல்ல முடியாது. ராவுல இழுக்குதுன்னா மொதல்ல பாக்க வேண்டியது விறகு அடுப்பு புகை, காம்பரா சுவத்துல பூத்துக் கெடக்குற பூஞ்சணம், மெத்தை கம்பளியில இருக்குற தூசிப்பூச்சி, தடிமன் காய்ச்சல், குளிரு, அப்புறம் பம்ப ஒழுங்கா அடிக்காதது. உப்பு இந்த லிஸ்ட்ல ரொம்ப கீழ தான் வரும்.

அப்ப உப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருக்குன்னு எங்கிருந்து வந்துச்சு? சும்மா கெளப்பி விட்டதா?

சும்மா இல்ல. 1980கள்ல லண்டன்ல பீட்டர் பர்னின்னு ஒரு டொக்டர் இத கெளப்பினாரு. இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் எந்தப் பகுதியில சாப்பாட்டு உப்பு கூட விக்குதோ அந்தப் பகுதியில ஆம்பளைங்களும் புள்ளைங்களும் ஆஸ்துமாவால சாகுறது கூடவா இருக்குன்னு கணக்கு எடுத்து 1987ல எழுதினாரு. கேட்டா திக்குன்னு தான் இருக்கும். ஆனா ஒரு ஊர்ல ரெண்டு விசயம் ஒண்ணா கூடிச்சுங்கிறதுக்காக ஒண்ணால தான் இன்னொண்ணுன்னு ஆகிறாது, உப்பு கூட வாங்குற எடத்துல சிகரெட்டும் கூட இருக்கலாம், வீடும் ஈரமா இருக்கலாம். அதனால தான் அதுக்குப் பொறகு ஆளுங்களுக்கே உப்ப கூட்டிக் குறைச்சு பாக்க ஆரம்பிச்சாங்க.

அப்படிப் பாத்ததுல பெரிய ஒண்ணு இங்கிலாந்து நொட்டிங்ஹாம்ல நடந்தது, 2008ல வெளிவந்துச்சு. ஆஸ்துமா உள்ள பெரியவங்க 220 பேர், எல்லாருக்கும் உப்பு குறைச்ச சாப்பாடு, ஆனா பாதிப் பேருக்கு உப்பு குளிசை, மீதிப் பேருக்கு ஒண்ணுமே இல்லாத டம்மி குளிசை, யாருக்கு எதுன்னு யாருக்கும் தெரியாது. 6 கிழமை (வாரம்) கழிச்சு பாத்தா ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்ல. 2011ல கொக்ரேன் காரங்க (உலகத்துல நடந்த ஆய்வெல்லாம் சேத்து அலசுறவங்க) இந்த விசயத்துல இருந்த ஆய்வுகள சேத்து பாத்துட்டு, பொதுவா ஆஸ்துமா கட்டுப்பாட்டுக்கு உப்பு குறைக்கிறதால பலன் தெரியல, ஆனா ஓடி ஆடி வேல செய்றப்ப வர்ற இழுப்புக்கு மட்டும் கொஞ்சம் பலன் இருக்கலாம்னு எழுதினாங்க. வொய்ஸ் மெசேஜ்ல இருக்குற பாதி உண்மை இந்தக் கடைசி துண்டு தான்.

கொழுந்து மலை ஏறி எறங்குறப்ப தான் எனக்கு வருது, சும்மா உக்காந்திருந்தா ஒண்ணும் இல்ல. எனக்கு உப்பு குறைச்சா சரியாகுமா?

உங்க கேள்வி தான் இந்தப் பக்கத்துலயே முக்கியமானது, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். வேகமா ஏறுறப்ப நாம மூக்க விட்டுட்டு வாயால மூச்சு வாங்குறோம், காலையில நுவரெலியா, நானுஓயா பக்கம் இருக்குற குளிர் காத்து மூடுபனியா இருந்தாலும் அதுல தண்ணிச்சத்து கம்மி தான், குளிர்ந்த காத்தால அவ்வளவு தான் தாங்க முடியும். அந்தக் காத்த சூடாக்கி ஈரமாக்குறதுக்கு மூச்சுக்குழாய் தன்னோட ஈரத்த எல்லாம் குடுத்துருது, உள்ள காஞ்சு போய் அங்க இருக்குற அலர்ஜி செல்லுங்க கோவப்பட்டு ரசாயனத்த கொட்டுது, குழாய சுத்தி இருக்குற தசை இறுகுது. பெரும்பாலும் ஏறிக்கிட்டு இருக்கப்ப இல்ல, ஏறி முடிச்சு கூடைய எறக்கி வச்சு ஒரு 5, 10 நிமிசத்துல தான் உச்சத்துக்கு வரும், அரை மணி ஒரு மணி நேரத்துல தானா அடங்கும். இது தான் உங்களுக்கு நடக்குதான்னு மொதல்ல பாருங்க. இரும்புச்சத்து குறைவு, இதய வருத்தம் இதுக்கும் ஏறுறப்ப மூச்சு வாங்கும், தோட்டத்துல பொம்பளைங்க பல பேருக்கு ரத்தம் கொறைவு, அத இழுப்புன்னு நெனச்சு பம்ப் அடிச்சுக்கிட்டு இருக்குறவங்கள நான் பாக்குறேன்.

இந்த மாதிரி இழுப்புல உப்ப வச்சு நிறைய ஆராய்ஞ்சவரு அமெரிக்காவுல இண்டியானா பல்கலைக்கழகத்துல இருக்குற மிக்கிள்பரோ. ரெண்டு கிழமைக்கு உப்பு குறைச்ச சாப்பாடு (ஒரு நாளைக்கு சோடியம் 1500 மில்லிகிராம் மாதிரி), அப்புறம் உப்பு கூடுன சாப்பாடு, அப்புறம் ஓடுற மெசின்ல ஓட விட்டு, மொத செக்கன்ல எவ்வளவு காத்து ஊத முடியுதுன்னு அளந்தாரு. அந்த அளவு 10 சதவீதமோ அதுக்கு மேலயோ எறங்குனா தான் ஓட்டத்தால வர்ற இழுப்புன்னு சொல்வாங்க. உப்பு கூடினப்ப அதே ஆளுக்கு கால்வாசி வரைக்கும் எறங்குச்சு, குறைச்சப்ப 10க்கு கீழ வந்துச்சு. அந்தளவுக்கு நல்ல செய்தி தான். ஆனா அதெல்லாம் சின்ன கூட்டத்த வச்சு செஞ்சது, கூடுன உப்புங்கிறது நாம சாதாரணமா சாப்பிடுறத விட ரொம்ப ரொம்ப கூட. அதனால நான் சொல்றது, ரெண்டு கிழமை குறைச்சு பாருங்க, கெடுதல் இல்ல, ஆனா ஏறுறதுக்கு 10, 15 நிமிசம் முன்ன நீல பம்ப் (இழுப்ப ஒடனே அடக்குறது) அடிக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தா அத விட்றாதீங்க, வாய சுத்தி துணி கட்டிக்கங்க, மொத பத்து நிமிசம் மெதுவா ஏறுங்க. இந்த மூணும் உப்ப விட உறுதியான வேல செய்யும்.

சாப்பிடுற உப்பு வயித்துக்கு தானே போகுது, நெஞ்சுக்கு எப்படி போச்சு?

ரத்தத்தோட தான். உப்பு கூடினா ஒடம்பு தண்ணிய புடிச்சு வச்சுக்கும், ரத்தத்தோட அளவு கூடும், மூச்சுக்குழாய் சுவத்துல இருக்குற மெல்லிய ரத்தக்குழாய்ங்களும் நெறஞ்சு சுவரு ஊதும், ஏற்கனவே ஒடுங்கி இருக்குற குழாய் இன்னும் ஒடுங்கும், இது ஒரு விளக்கம். இன்னொண்ணு, உப்பு கூடின சாப்பாட்டுக்குப் பொறகு ஓட விட்டவங்களோட சளிய எடுத்து பாத்தப்ப வீக்கத்த உண்டாக்குற ரசாயனங்களும் அதுக்கான செல்லுங்களும் கூடியிருந்துச்சு. ரெண்டும் சேந்து தான் வேல செய்யும் போல. மேல சொன்ன மாதிரி இது ஒடம்ப வருத்தி வேல செய்றப்ப தான் வெளிய தெரியுது.

சரி, குறைக்கணும்னா எவ்வளவு? நான் என்ன தராசு வச்சா சமைக்கிறேன்?

உலக சுகாதார ஸ்தாபனம் பெரியவங்களுக்கு சொல்றது ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு உள்ள, ஒரு தேக்கரண்டிக்கு கொஞ்சம் கம்மி. நம்ம நாட்டுல சராசரியா அதுக்கு நல்லா மேல தான் சாப்பிடுறோம். சாமான் பக்கெட் உறையில சோடியம்னு போட்டிருந்தா அத ரெண்டரையால பெருக்கினா உப்பு வரும், 2 கிராம் சோடியம்னா 5 கிராம் உப்பு.

தராசு வேணாம், பக்கெட்ட பாருங்க. 400 கிராம் உப்பு பக்கெட்ட வெட்டுற அன்னைக்கு அதுமேலயே பேனாவால தேதி போடுங்க. வீட்டுல நாலு பேருன்னா ஆளுக்கு 5 கிராம் வச்சு ஒரு நாளைக்கு 20 கிராம், பக்கெட் 20 நாள் வரணும். 12 நாள்ல முடிஞ்சா கை நீளம்னு அர்த்தம். 20 நாள் வந்தாலும் சந்தோசப்படாதீங்க, பாண், கருவாடு, பிஸ்கட், சோயா மீட் மசாலா பக்கெட், நூடில்ஸ் தூள் எல்லாம் இந்தக் கணக்குலயே வராது.

நாங்க என்ன ஹோட்டல் சாப்பாடா சாப்பிடுறோம், ரொட்டியும் சம்பலும் தான். அதுல என்ன உப்பு?

அதுல தான்! கால் றாத்தல் பாணுலயே ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு போயிருது, யாருக்கும் உப்பு கரிக்காது, அதான் தெரியுறதில்ல. ரொட்டி நீங்களே பெசையுறதால குறைக்கிறது உங்க கையில தான் இருக்கு, தேங்காய்ப்பூ கூட போட்டா உப்பு கம்மியா இருந்தாலும் வாய்க்கு நல்லாத்தான் இருக்கும். கட்டச்சம்பல்ல மாசியும் (காஞ்ச மீன்) உப்பும் ரெண்டும் சேருது, மாசிய கூட்டி உப்ப குறைங்க, தேசிக்காய் புளிய கூட விடுங்க, புளிப்பு இருந்தா நாக்கு உப்ப தேடாது. ஒரு ரெண்டு மூணு கிழமையில நாக்கு பழகிரும், அப்புறம் பக்கத்து வீட்டு கறிய வாயில வச்சா உப்புக் கரிக்கும், அப்ப தெரியும்.

கடையில வாங்குற பக்கெட்ல உப்பு, சீனி, கொழுப்புக்கு கலர் அடையாளம் போடுறாங்கல்ல, அதுல உப்புக்கு சிவப்பு இருந்தா உப்பு கூடுதல், பச்சைனா கம்மி. படிக்க நேரமில்லாட்டி அந்த கலர மட்டும் பாத்தா போதும்.

கருவாடு இல்லாம எங்க வீட்டுல சோறு எறங்காது. விடணுமா?

விட வேணாம். பச்சத்தண்ணியில அரை மணி ஊறப் போட்டு அந்தத் தண்ணிய கொட்டிட்டு, இன்னொரு தடவ நல்லா கழுவி, சமைக்கிறப்ப மேல உப்பே போடாதீங்க. தினம் தின்னாம கிழமையில ரெண்டு நாள்னு வச்சுக்கங்க. ஊறுகாயும் அப்படித்தான். ஆனா ஒண்ணு, சில பேருக்கு கருவாடு, மாசி, கெட்டுப்போன மீன் தின்ன ஒடனே முகம் செவந்து, அரிச்சு, நெஞ்ச அடைக்கும். அது உப்பால இல்ல, பழுதான மீன்ல ஊறுற ஹிஸ்டமினாலயோ மீன் அலர்ஜியாலயோ வர்றது, அத லேசா எடுக்காதீங்க, டொக்டர்ட்ட சொல்லுங்க.

அஜினோமோட்டோ தின்னா ஆஸ்துமா வரும்னு டிவியில சொன்னாங்க?

அதுக்கு நல்ல ஆதாரம் கெடைக்கல. அதுலயும் சோடியம் இருக்கு, ஆனா உப்புல இருக்குறதுல மூணுல ஒரு பங்கு தான். உண்மையிலயே சில ஆஸ்துமா காரங்களுக்கு ஒத்துக்காதது சல்பைட்ங்கிற பதப்படுத்துற சாமான், காஞ்ச பழம், சில போத்தல் ஜூஸ், வைன் இதுல இருக்கும். உலர்ந்த திராட்ச தின்னா நெஞ்சு இறுகுதுன்னு யாராச்சும் சொன்னா நான் அத நம்புவேன்.

நெபியுலைசர்ல (மருந்த ஆவியாக்குற மெசின்) உப்புத்தண்ணி தானே ஊத்துறாங்க? அப்ப உப்பு நல்லதா கெட்டதா, ஒரு முடிவுக்கு வாங்க!

இத கேட்டவருக்கு ஒரு சல்யூட், நல்ல கேள்வி. அதுல ஊத்துற சேலைன் 0.9 சதவீதம், ரத்தத்துல இருக்குற உப்போட அளவுக்கு சமனா இருக்குறதால தான் மூச்சுக்குழாய்க்கு எரிச்சல் இல்லாம இருக்கும். 3 மில்லி ஊத்துனா அதுல இருக்குற உப்பு 27 மில்லிகிராம், கறியில போடுற ஒரு சிட்டிகைக்கு பக்கத்துல கூட வராது. அங்க உப்பு மருந்து இல்ல, சல்பியூட்டமோல்ங்கிற மூச்சுக்குழாய விரிக்கிற மருந்த கரைச்சு ஆவியா கொண்டு போற வண்டி மட்டும் தான்.

அதே உப்பு 4.5 சதவீதம் ஆனா கதையே மாறிப்போகும். அந்த ஆவிய இழுக்க விட்டு ஆஸ்துமா இருக்கான்னு டெஸ்ட் பண்ற முறையே இருக்கு, ஏன்னா ஆஸ்துமா காரருக்கு அது குழாய சுருக்கும். அதனால வீட்டுல உப்ப கரைச்சு நெபியுலைசர்ல ஊத்துறத கனவுல கூட செய்யாதீங்க. கொதிக்கிற தண்ணியில உப்பு போட்டு ஆவி புடிக்கிறதும் ஆஸ்துமாவுக்கு மருந்து இல்ல, சின்னப் புள்ளைங்க மேல சட்டி கவுந்து வெந்து போறது தான் அதுல கண்ட மிச்சம்.

இந்துப்பு, ரோஸ் கலர் உப்பு, உப்பு லாம்பு, இதெல்லாம்?

இந்துப்பும் சோடியம் குளோரைட் தான், ஆனையிறவு உப்பும் ஹம்பாந்தோட்ட உப்பும் அது தான். நெஞ்சுக்கு வித்தியாசமா ஒண்ணும் செய்யாது. ஆனா இந்துப்புல பெரும்பாலும் அயடின் சேத்திருக்க மாட்டாங்க. நம்ம நாட்டுல 1995ல இருந்து சாப்பாட்டு உப்புக்கு அயடின் கட்டாயம், அதுக்கு முன்ன மழை கூடுன பகுதிகள்ல கழுத்துக் கழலை எவ்வளவு இருந்துச்சுன்னு வயசானவங்கள கேளுங்க. குறைச்சு போடுங்க, ஆனா அயடின் உப்பாவே போடுங்க, வயித்துப் புள்ளத்தாச்சிங்க இத கட்டாயம் பாக்கணும். லாம்பு வெளிச்சத்துக்கு நல்லாருக்கும்.

புள்ளைக்கு ரெண்டு வயசு, பிள்ளைக்காம்பராவுல (தோட்டத்துல புள்ளைங்கள பாத்துக்கிற எடம்) விட்டா இழுக்குது. சோத்துல உப்பு போடாம குடுக்கவா?

ஒரு வயசு வரைக்கும் எப்பவுமே உப்பு சேக்க தேவையில்ல, ரெண்டு வயசுன்னா கொஞ்சம் போதும், மிக்சர், டிப்பிடிப்பி மாதிரி சாமான குடுத்து பழக்காதீங்க. ஆனா அதால இழுப்பு நிக்கும்னு எதிர்பாக்காதீங்க, மேல சொன்ன ஆய்வெல்லாம் பெரும்பாலும் பெரியவங்கள வச்சு செஞ்சது. இந்த வயசுல இழுப்பு வர்றதுக்கு பெரிய காரணம் வைரஸ் தடிமன், பிள்ளைக்காம்பராவுல ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வரும். வீட்டுல அடுப்படிக்கும் படுக்கிற எடத்துக்கும் நடுவுல கதவு இருக்கா, புகை வெளிய போக வழி இருக்கான்னு பாருங்க, சமைக்கிறப்ப புள்ளைய இஸ்தோப்புல யார்ட்டயாச்சும் குடுங்க. பம்ப்ப ஸ்பேசர் (பம்ப் வாயில மாட்டுற பிளாஸ்டிக் குழாய்) வச்சு குடுக்குறீங்களா? அது இல்லாட்டி மருந்து பாதி வாயிலயே நின்னுரும்.

பெக்டரியில வேல, லீவு நாள்ல நல்லாருக்கேன். நானும் உப்பு குறைக்கவா?

நீங்க உப்ப விட்டுட்டு தூச பாருங்க. தேயிலை சலிக்கிற, தரம் பிரிக்கிற எடத்துல பறக்குற பஞ்சு மாதிரி தூசால வர்ற ஆஸ்துமாவ நம்ம நாட்டு நெஞ்சு டொக்டர் உரகொட 1970லயே எழுதி வச்சிருக்காரு. லீவுல கொறஞ்சு வேலைக்கு போனா கூடுறது தான் அதோட அடையாளம். டொக்டர்ட்ட போறப்ப என்ன வேல, எந்த செக்சன்னு நீங்களா சொல்லுங்க, அவங்க கேக்க மறந்தாலும்.

ஸ்டீரொயிட் குளிசை குடுத்திருக்காங்க, முகம் ஊதிப்போச்சு. இப்ப உப்பு?

இங்க உப்பு உண்மையிலயே முக்கியம். பிரெட்னிசொலோன் ஒடம்புல சோடியத்தையும் தண்ணியையும் புடிச்சு வைக்கும், நீண்ட நாள் எடுக்குறவங்க உப்பு குறைக்கத்தான் வேணும், பிரஷரும் சுகரும் பாக்கணும். 5, 7 நாள் கோர்ஸ்னா பயப்பட ஒண்ணுமில்ல. எதுவானாலும் ஊதுதேன்னு குளிசைய நீங்களா நிப்பாட்டாதீங்க, நாள் கணக்கா எடுத்தவங்க திடீர்னு நிப்பாட்டினா ஒடம்பு தாங்காது. இழுக்குற பம்ப்ல இருக்குற ஸ்டீரொயிட் அளவு ரொம்ப சின்னது, அதுக்கு இந்தக் கவல வேணாம், அடிச்ச பொறகு வாய் கொப்புளிச்சு துப்புனா போதும். கொப்புளிக்க உப்புத்தண்ணி வேணுமான்னும் கேப்பாங்க. சும்மா தண்ணியே போதும்.

எனக்கு பிரஷரும் இருக்கு ஆஸ்துமாவும் இருக்கு. சோடியம் குறைஞ்ச உப்பு ஒண்ணு விக்கிறாங்களாம்?

பிரஷருக்கு உப்பு குறைக்கிறது உறுதியா பலன் தரும், உங்களுக்கு ஒரே கல்லுல ரெண்டு மாங்காய். ஆனா அந்த மாத்து உப்புல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் இருக்கும், சிறுநீரக வருத்தம் இருந்தாலோ எனலாப்ரில், லோசார்டன், ஸ்பைரனோலக்டோன் மாதிரி பிரஷர் குளிசை எடுத்தாலோ பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பையே குழப்பிரும். கேட்டுட்டு வாங்குங்க.

இன்னொண்ணு, இது உப்பு இல்ல ஆனாலும் சொல்லாம விட முடியாது. அட்டெனொலோல், புரொப்ரனொலோல் வகை குளிசை ஆஸ்துமாவ கெளப்பி விடும், தலையிடிக்கும் படபடப்புக்கும் கூட புரொப்ரனொலோல் குடுப்பாங்க. எனலாப்ரில் எடுத்தா சில பேருக்கு வரட்டு இருமல் வரும், அத இழுப்புன்னு நெனச்சு பம்ப கூட்டிடுவாங்க. எந்த டொக்டர்ட்ட போனாலும் "எனக்கு ஆஸ்துமா"ங்கிறத மொதல்ல சொல்லுங்க. அப்புறம் தண்ணியில போட்டு கரையிற பரசிட்டமோல்ல ஒரு குளிசைக்கே ஏறக்குறைய ஒரு கிராம் உப்புக்கு சமனான சோடியம் இருக்கு, சாப்பாட்டுல உப்ப எண்ணி எண்ணி போட்டுட்டு இத நாளைக்கு ஆறு எட்டு குடிச்சா என்ன பிரயோசனம்.

உப்ப சுத்தமா விட்டுட்டேன், பம்பையும் விடலாமா?

ரெண்டும் வேணாம். வெயில்ல வேர்த்து வேல செய்றவங்க, வயசானவங்க, சலம் போற குளிசை எடுக்குறவங்க உப்ப அடியோட விட்டா சோடியம் எறங்கி தலை சுத்தி விழுவாங்க. பம்ப் விசயத்துல மேலயே சொல்லிட்டேன், சாதாரண ஆஸ்துமாவுக்கு உப்பு குறைச்சு பலன் கெடைக்கல, அதனால பிரவுன் பம்ப (இழுப்பு வராம தடுக்க தினம் அடிக்கிறது) நிப்பாட்ட எந்த நியாயமும் இல்ல. பேச முடியாம ஒண்ணு ரெண்டு வார்த்தையில மூச்சு வாங்குனா, ஒதடு நீலமானா, நீல பம்ப் அடிச்சும் அடங்காட்டி, 1990க்கு அடிச்சு சுவசெரிய அம்புலன்ஸ கூப்பிடுங்க, மேல் டிவிசன்ல இருக்குறவங்க ரோட்டுக்கு வர நேரமாகும், அதனால முத்துறதுக்கு முன்னமே கெளம்புங்க.

ரெண்டு கிழமை குறைச்சேன், நல்லாருக்க மாதிரி இருக்கு. உப்பால தானா, இல்ல மழை விட்டதாலயா?

சரியான சந்தேகம். மனசு சொல்றத மட்டும் வச்சு முடிவு எடுக்காதீங்க, பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சு ஊதுற வேகத்த அளக்குற சின்ன கருவி) ஒண்ணு வாங்கி ஊதுங்க, பெரிய வெல இல்ல. காலையில ஒரே நேரத்துல மூணு தடவ ஊதி கூடுன நம்பர எழுதுங்க, முடிஞ்சா மலை ஏறி எறங்கி பத்து நிமிசம் கழிச்சும் ஒண்ணு. ரெண்டு கிழமை வழக்கமான சாப்பாடு, ரெண்டு கிழமை குறைச்சது, நடுவுல பம்ப மாத்தாதீங்க, மாத்தினா எதால கூடுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. தடிமன் வந்த நாள், புகை கூட இருந்த நாள பக்கத்துல ஒரு புள்ளி போட்டு வைங்க. அந்தக் கொப்பிய கிளினிக் புத்தகத்தோட சேத்து கொண்டு போங்க, அங்க கெடைக்கிற நேரத்துல வாயால சொல்றத விட நம்பர காட்டுறது தான் சுருக்கு.